"மேம், பிங் போகல"

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் லேபை மாணவர்கள் வீட்டிலிருந்தே செய்யும்படி வைப்பது எப்படி என்று மற்ற கல்லூரிகளில் வேலை பார்க்கும் தோழிகள் அடிக்கடி கேட்கிறார்கள். வாட்ஸப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். தலைப்பில் உள்ள பிங் என்பது, இருக்கிறாயா என்று ஒரு மெஷின் இன்னொன்றைக் கேட்டுப் பதில் வாங்கும் சோதனை. நான் விருதுநகர் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. 2020-ல் கல்லூரியை மூடியபோது வேறு வழியில்லாமல் ஆரம்பித்தேன். கல்லூரி திறந்த பிறகும் நிறுத்த மனசு வரவில்லை. கல்லூரி லேபில் நடத்தவே முடியாத சில பயிற்சிகள் இதில் நடக்கின்றன என்பதுதான் காரணம்.

பாடத்திட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் நெட்வொர்க்ஸ் லேபுக்குப் பத்துப் பயிற்சிகள். டிசிபிடம்ப் (பாக்கெட் என்னும் தகவல் துண்டுகளைப் பிடித்துக் காட்டுவது), நெட்ஸ்டாட், என்எஸ்லுக்கப், டிரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியைக் காட்டுவது) போன்ற கமாண்டுகளைப் பழகுவது முதலாவது. அப்புறம் சாக்கெட் புரோகிராம்கள் (நெட்வொர்க் வழியாகப் பேசும் புரோகிராம்கள்), யுடிபி வைத்து டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்குவது), ஏஆர்பி (ஒரு ஐபி முகவரிக்குரிய மேக் என்ற வன்பொருள் முகவரியைக் கேட்டறிவது) சிமுலேஷன், என்எஸ் சிமுலேட்டரில் கன்ஜெஷன் கன்ட்ரோல் (நெரிசல் கட்டுப்பாடு), கடைசியில் சிஆர்சி (பிழை கண்டறிவது). கவனித்துப் பாருங்கள், இதில் முதல் பயிற்சியையும் ஒரு இணையப் பக்கத்தை இறக்கும் சாக்கெட் புரோகிராமையும் தவிர எதுவும் நிஜ நெட்வொர்க்கைத் தொடுவதில்லை. மற்ற சாக்கெட் புரோகிராம்களில்கூட கிளையன்ட், சர்வர் இரண்டையும் ஒரே மெஷினில் 127.0.0.1-ல் (மெஷின் தன்னையே குறிக்கும் முகவரி) ஓட்டி அவுட்புட் எடுத்துவிடுவார்கள். பாக்கெட் வெளியே கால் வைப்பதே இல்லை. ரெக்கார்டின் ஒவ்வொரு பயிற்சியும் "புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டு அவுட்புட் சரிபார்க்கப்பட்டது" என்ற அதே ஆங்கில வாக்கியத்தில் முடியும். பரம்பரை பரம்பரையாக சீனியர் ரெக்கார்டிலிருந்து வருவது. ஓடாத புரோகிராமுக்கும் அதே வாக்கியம்தான்.

வீட்டிலிருந்து லேப் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சிஸ்கோ நிறுவனத்தின் சிமுலேட்டரான பாக்கெட் டிரேஸர். நல்ல மென்பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) என்றால் என்னவென்று படம் காட்ட அதைவிட எளிது வேறில்லை. ஆனால் அதில் ஓடுவது சிஸ்கோ கருவிகளின் நடிப்பு. அதை எழுதியவர்கள் யோசித்து வைத்த கோளாறுகள் மட்டுமே அதில் வரும். தவிர, லேப்டாப் வேண்டும். எங்கள் வகுப்பில் லாக்டவுன் சமயத்தில் பாதிப் பேருக்கு மேல் கையில் இருந்தது மொபைல் மட்டும்தான், அதுவும் அண்ணனோடோ தங்கையோடோ பங்கு போட்டுக்கொண்டு. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவில் தியரி வகுப்புகளின் வீடியோவே பாதியைத் தின்றுவிடும்.

ஆகவே நான் எடுத்த முடிவு: மாணவர் பக்கம் கமாண்ட் அடிக்க ஒரு டெர்மினல் போதும், கனமான வேலையெல்லாம் ஒரு சர்வரில். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் போட்டால், தூரத்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கிடைத்துவிடும். எழுத்து மட்டுமே போய்வருவதால் டேட்டா செலவு என்று பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

சர்வர் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு டேட்டா சென்டரில் நாலு கோர், 8 ஜிபி மெமரியுடன் வாடகைக்கு எடுத்தேன். ஆளுக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின் கொடுக்க நினைத்தால் ஒன்றுக்கு அரை ஜிபி என்றே வைத்துக்கொண்டாலும் 64 பேருக்கு 32 ஜிபி வேண்டும், கட்டுப்படியாகாது. எல்எக்ஸ்டி என்ற மென்பொருள் தரும் கன்டெய்னரில் (தனி மெஷின் போலத் தோன்றும் அடைப்பு) லினக்ஸின் மையமான கெர்னல் எல்லோருக்கும் பொது, சும்மா இருக்கும்போது ஒன்றுக்குச் சில பத்து எம்பிதான் பிடிக்கும். இப்போது ஆரம்பிப்பவர்கள் 2023-ல் அதிலிருந்து பிரிந்து வந்த இன்கஸையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கன்டெய்னரைச் சரியாகத் தயார் செய்து, அதை 64 ஆகப் பிரதி எடுத்தால் முடிந்தது. உள்ளே மாணவர்தான் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள நிர்வாகி. நெஸ்டிங் (கன்டெய்னருக்குள்ளேயே இன்னும் அடைப்புகள் உருவாக்கும்) அனுமதியை ஆன் செய்ய மறக்காதீர்கள். பிராசஸ் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் கட்டாயம் வையுங்கள், யாராவது ஒரு பையன் எங்கோ படித்துவிட்டு வந்து ஃபோர்க் பாம் (தன்னையே பெருக்கிக்கொண்டு மெஷினை முடக்கும் புரோகிராம்) போட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டான். கன்டெய்னரிலிருந்து வெளி இணையத்துக்குப் போகும் வழியை நான் அடைத்துவிட்டேன். ரூட் அதிகாரம் கையில் இருக்கும் இருபது வயதுக்கு இணையம் முழுவதையும் திறந்துவிடும் தைரியம் எனக்கு இல்லை.

அந்தக் கன்டெய்னருக்குள்ளேதான் நெட்வொர்க். லினக்ஸில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்று ஒன்று உண்டு. ஒரே வீட்டைத் தடுத்து நாலு குடித்தனம் வைப்பது போல, ஒரே கெர்னலுக்குள் தனித்தனி இன்டர்ஃபேஸ், தனித்தனி ரவுட்டிங் டேபிள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்), தனித்தனி ஏஆர்பி டேபிள். இரண்டு நேம்ஸ்பேஸை இணைக்க வீத் என்ற மாயக் கேபிள், ஒரு முனையில் போட்டது மறு முனையில் வரும். மூன்று நேம்ஸ்பேஸ், இரண்டு கேபிள் இருந்தால் ஹோஸ்ட், ரவுட்டர், ஹோஸ்ட் என்று ஒரு குட்டி நெட்வொர்க் தயார். குட்டி நெட்வொர்க் கட்டித் தரும் மினிநெட் என்ற மென்பொருளும் அடியில் இதைத்தான் செய்கிறது. ஆனால் ஆரம்பப் பாடத்துக்கு மினிநெட் கொடுப்பதில்லை. கேபிளை அவர்களே தங்கள் கையால் மாட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். உள்ளே ஓடுவது நடிப்பு இல்லை. அவர்கள் நாளை வேலைக்குப் போகும் இடத்தில் சர்வர்களில் ஓடப்போகும் அதே டிசிபி/ஐபி.

அடுத்தது முகவரி ஒதுக்கீடு. எல்லோருக்கும் ஒரே முகவரி கொடுத்தால் ஒரு அவுட்புட் அறுபது ரெக்கார்டில் ஒட்டப்படும். ஆகவே பதிவெண்ணின் கடைசி மூன்று இலக்கம்தான் முகவரி. 37 என்றால் 10.0.37.0/24 (முதல் 24 பிட் நெட்வொர்க்கைக் குறிக்கும், மீதி அதிலுள்ள மெஷின்களை). சரி, டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு? எங்கள் கல்லூரியில் அவர்களுடைய எண் 301-ல் ஆரம்பிக்கும். 301 ஒரு ஆக்டெட்டில் (முகவரியில் புள்ளிகளுக்கு நடுவே வரும் எட்டு பிட் எண்) அடங்காது, 255-ஐத் தாண்டக் கூடாதே. 301 என்பது 256 கூட்டல் 45, ஆகவே 10.1.45.0/24. இதை நான் விளக்குவதில்லை. "உங்கள் முகவரியை நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று விதியை மட்டும் கொடுத்துவிடுவேன். இப்படி நேரே சேர்ந்த லேட்டரல் பிள்ளைகள்தான் ஆக்டெட் என்றால் என்னவென்று வகுப்பிலேயே முதலில் புரிந்துகொள்பவர்கள். பிறகு அந்த /24-ஐ நாலு /26 ஆகப் பிரித்து, கேபிளுக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். சப்நெட்டிங் (இப்படி நெட்வொர்க்கைப் பிரிப்பது) தனிப் பயிற்சியாக வேண்டியதில்லை, இதிலேயே வந்துவிடும்.

ஆனால் முதல் பயிற்சிக்கு இந்த சர்வரே தேவையில்லை. மொபைலில் செட்டிங்ஸ் போய், அபவுட் ஃபோன் பகுதியில் ஐபி முகவரியைப் பார்த்து குழுவில் போடச் சொல்வேன். வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில். கொஞ்ச நேரத்தில் குழுவே கலகலத்துவிடும். "மேம், எனக்கும் அவனுக்கும் ஒரே ஐபி." "எனக்கும் அதான்." பலருக்கு 192.0.0.4. ஒரே முகவரி இரண்டு பேருக்கு இருக்கக் கூடாது என்று போன வாரம்தானே தியரியில் நடத்தினேன்?

காரணம் இதுதான். மொபைல் நெட்வொர்க் புதிய முகவரி முறையான ஐபிவி6-ல் மட்டுமே ஓடும்போது, பழைய ஐபிவி4 ஆப்களுக்காக ஆண்ட்ராய்டு தனக்குள்ளேயே ஒரு பொய் ஐபிவி4 முகவரியை வைத்துக்கொள்கிறது. அந்த முகவரி ஃபோனை விட்டு வெளியே போவதில்லை. ஐபிவி6-ஆக மாறித்தான் போகிறது. இன்னும் சிலருக்கு 100.64-க்கு மேலே ஏதோ ஒன்று வரும். அது ஆபரேட்டர்கள் பொதுவில் ஒரே வெளி முகவரியை ஆயிரக்கணக்கானோருக்குப் பகிர்ந்து கொடுப்பதற்காக 2012-ல் ஒதுக்கப்பட்ட வரிசை. வீட்டில் ஃபைபர் வைத்திருப்பவருக்கு 192.168-ல் ஒன்று. ஆக, ஒரே வகுப்பில் நாலைந்து விதமான நெட்வொர்க். கல்லூரி லேபில் அறுபது மெஷினும் ஒரே சுவிட்சுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும்; இந்தக் கேள்வியே அங்கே எழாது. வீட்டிலிருந்து லேப் என்றால் ஏதோ பற்றாக்குறைக்குச் செய்வது என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பயிற்சியைத்தான்.

டிரேஸ்ரூட்டும் அப்படித்தான். ஒரே தெருவில் இரண்டு பேர், வேறு வேறு சிம். பெங்களூர் சர்வருக்குப் போகும் வழி வேறு வேறு. நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் பதறுவார்கள்; அந்த ரவுட்டர் பதில் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான். கூடவே ஒரு கணக்கும் கொடுப்பேன். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஐ2ஐ கடலடிக் கேபிள் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 32 மில்லி செகண்ட். சிங்கப்பூர் சர்வர் என்று யாராவது சொல்லி, அது 15 மில்லி செகண்டில் பதில் தந்தால், அது சிங்கப்பூரில் இல்லை. மொபைலில் பிங் போடுபவர்களுக்கு முதல் பதில் மட்டும் தாமதமாக வரும், தூங்கிக்கொண்டிருந்த ரேடியோ எழுந்திருக்க வேண்டுமே. அதையும் யாராவது ஒருவர் கவனித்துக் கேட்பார். கேட்பவருக்கு அப்சர்வேஷனில் முழு மதிப்பெண்.

இனி முக்கியமான பயிற்சி. என் லேபின் உயிரே இதில்தான் இருக்கிறது.

முதல் நாள் அவர்களே கட்டி, பிங் போகவைத்த அந்த மூன்று நேம்ஸ்பேஸ் நெட்வொர்க்கை, மறுநாள் என் ஸ்கிரிப்ட் கெடுத்து வைத்திருக்கும். ஆளுக்கு இரண்டு கோளாறு, பதிவெண்ணைப் பொறுத்து வேறு வேறு. ரவுட்டரில் ஃபார்வர்டிங்கை (பாக்கெட்டை மறுபக்கம் கடத்துவது) 0 ஆக்குவது, டீஃபால்ட் ரூட்டை (வேறு வழி தெரியாதபோது போகும் பாதை) எடுத்துவிடுவது, மாஸ்க்கை (சப்நெட்டின் அளவைச் சொல்லும் /26 போன்ற எண்) மாற்றுவது, கேட்வே (சப்நெட்டை விட்டு வெளியே போகும் வாசல்) முகவரியில் ஒரு எண்ணைத் தள்ளி வைப்பது, லூப்பேக் (தனக்குத் தானே பேசும்) இன்டர்ஃபேஸை இறக்கிவிடுவது. கடைசியாகச் சொன்னது பொல்லாதது. தன்னுடைய சொந்த முகவரிக்கே பிங் போகாது, ஏனென்றால் தனக்குத் தானே அனுப்புவது லூப்பேக் வழியாகத்தான் போகும்.

உடனே ஃபோன் வரும். "மேம், பிங் போகல."

"எப்படிப் போகல?"

இந்தக் கேள்விக்கு ஆரம்பத்தில் யாருக்கும் பதில் தெரியாது. போகல என்றால் போகல, அதில் என்ன எப்படி? ஆனால் போகாததில் வகை இருக்கிறது. "நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்" என்று உடனே வந்தால், பாக்கெட் பிறக்கவே இல்லை. எந்தப் பக்கம் அனுப்புவது என்று என் ரவுட்டிங் டேபிளிலேயே இல்லை. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று இரண்டு மூன்று விநாடி கழித்து வந்தால், யாரோ ஏஆர்பி கேட்டுப் பார்த்து, பதில் வராமல் கைவிட்டிருக்கிறார்கள். ஒன்றுமே வராமல் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தால், பாக்கெட் புறப்பட்டுவிட்டது. வழியில் செத்ததா, போய்ச் சேர்ந்து பதில் செத்ததா என்பது தெரியாது. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு டிரபிள்ஷூட்டிங்கில் பாதி வேலை முடிந்தது.

ஒரு மாணவியின் டெர்மினலில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். அவள் எண் 37. இடப்பக்க ஹோஸ்ட் 10.0.37.2, ரவுட்டரின் இரு முகம் 10.0.37.1, 10.0.37.65, வலப்பக்க ஹோஸ்ட் 10.0.37.66. பிங் போட்டாள். டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள். "அந்த ஹோஸ்ட் டவுன் மேம்" என்றாள்.

"அப்படின்னு யார் சொல்றாங்க? வரியோட ஆரம்பத்தைப் படி."

"ஃப்ரம் 10.0.37.2… மேம், இது என்னோட ஐபி."

ஆமாம். அடுத்த வீட்டுச் செய்தியை அவளுடைய மெஷினே கற்பனை செய்து சொல்கிறது. ரவுட்டரில் டிசிபிடம்ப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 10.0.37.66 யார், 10.0.37.2-க்குச் சொல்லுங்கள் என்று ஏஆர்பி கேள்வி விநாடிக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தது. ரவுட்டர் பதில் சொல்லவில்லை. அது தன் முகவரி இல்லையே. கேட்வேயைத் தேடாமல் தூரத்து ஹோஸ்டையே நேரடியாகத் தேடுகிறது என்றால், அந்த ஹோஸ்ட் தன் சப்நெட்டிலேயே இருப்பதாக இந்த மெஷின் நம்புகிறது என்று அர்த்தம். மாஸ்க்கைப் பார்த்தாள், /25. அந்தக் கணக்கில் 127 வரை எல்லோரும் பக்கத்து வீட்டார்.

பழைய முகவரியை அழித்து /26 போட்டுத் திரும்ப பிங் கொடுத்தாள். இப்போது நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள். "இன்னும் மோசமாயிடுச்சு மேம்." இல்லை. இன்டர்ஃபேஸில் இருந்த ஒரே முகவரியை அழித்தால் அதன் ரூட்டுகள் எல்லாவற்றையும் லினக்ஸ் கூடவே எடுத்துவிடும், டீஃபால்ட் ரூட் உட்பட. அதைத் திரும்பப் போட்டாள். பிங். மௌனம்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். அவள் மாஸ்க்கைத் திரும்ப /25 ஆக்கப் போனாள். ஏன் என்று கேட்டேன். "முன்னாடி எரராவது வந்துச்சு மேம், இப்ப அதுவும் வரல."

சிரித்துவிட்டேன், ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இரண்டு கோளாறு இருக்கும்போது ஒன்றைச் சரி செய்தால் முடிவு மாறுவதில்லை. பிங் இன்னமும் போகாது. மாறுவது போகாத விதம் மட்டும். அதைக் குறித்து வைக்காதவர்கள் தாங்கள் சரியாகச் செய்ததையே மறுபடி கலைத்துவிடுவார்கள். ஆகவே என் லேபில் அப்சர்வேஷன் நோட்டில் எழுத வேண்டியது மூன்று பத்திதான்: என்ன மாற்றினேன், அதற்கு முன் எப்படிப் போகவில்லை, அதற்குப் பின் எப்படிப் போகவில்லை. எய்ம், அல்காரிதம் எல்லாம் அப்புறம்.

வலப்பக்க ஹோஸ்டில் டிசிபிடம்ப் போட்டதும் அவளுக்கே புரிந்துவிட்டது. எக்கோ ரிக்வெஸ்ட் (பிங்கின் கேள்வி) வரிசையாக வந்து சேர்கிறது, ரிப்ளை ஒன்றுகூடக் கிளம்பவில்லை. அந்தப் பக்கம் டீஃபால்ட் ரூட் இல்லை. போட்டாள். 64 பைட்ஸ் ஃப்ரம் 10.0.37.66, டிடிஎல் 63.

"டிடிஎல் ஏன் மேம் 63?"

அந்தக் கேள்விக்காகவே அடுத்த பயிற்சி. ரவுட்டரின் இரண்டு முகத்திலும் ஒரே பாக்கெட்டைப் பிடித்து, ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்களில்) பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. லேப்டாப் இருப்பவர்கள் கேப்சர் ஃபைலை இறக்கி, பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் திறப்பார்கள். மொபைல் மட்டும் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை, அதனால் எண்களைக் கையால் நோட்டில் எழுதி, புலம் புலமாகக் கோடு போட வேண்டும். 45 என்பதில் 4 ஐபி பதிப்பு, 5 என்பது ஹெடர் (பாக்கெட்டின் தலைப்பகுதி) நீளம், ஐந்து நான்குகள் இருபது பைட். ஒன்பதாவது பைட் 40; ஹெக்ஸில் 40 என்றால் 64. அதுதான் டிடிஎல், பாக்கெட் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண். மறுபக்கம் அது 3எஃப், அதாவது 63. முகவரி இருக்கும் இடத்தில் 37 என்பது 25 ஆக உட்கார்ந்திருக்கும். தங்கள் பதிவெண்ணை அங்கே கண்டுபிடித்ததும் ஒரு சந்தோஷம். இரண்டு பக்கமும் ஐபி முகவரி மாறவில்லை, மேக் முகவரி இரண்டும் மாறியிருக்கிறது. இன்னொன்றும் மாறியிருக்கும், பலர் தவறவிடுவார்கள்: ஹெடர் செக்சம், அதாவது ஹெடரில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண். டிடிஎல்லில் ஒன்று குறைந்ததால் செக்சம்மின் முதல் பைட்டில் ஒன்று கூடியிருக்கும். ஏன் கூட வேண்டும் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பேன். வயர்ஷார்க்கில் பார்த்தவர்களைவிட கையால் எழுதியவர்கள்தான் இதற்குப் பதில் சொல்கிறார்கள். வருடா வருடம் இதையே பார்க்கிறேன்.

இடையில், உள்ளே நுழைவது பற்றிச் சில நடைமுறை விஷயங்கள். ஹாஸ்டல், ஆபீஸ் வைஃபைகளில் எஸ்எஸ்எச்சின் 22-ஆம் போர்ட்டை (வாசல் எண்) அடைத்து வைத்திருப்பார்கள். இணையதளங்கள் பயன்படுத்தும் 443-லும் சர்வரைக் கேட்க வைத்துவிடுங்கள். பெரும்பாலும் வழி கிடைத்துவிடும். பாஸ்வேர்ட் வேண்டாம், கீ (ரகசியச் சாவிக் கோப்பு) மட்டும். சர்வரை ஏற்றிய அன்றே உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ரூட் பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டு ரோபோக்கள் வந்துவிடும். அந்த லாக் ஃபைலை வகுப்பில் திரையில் ஓடவிட்டால் செக்யூரிட்டி பற்றி அரை மணி நேரம் பேச வேண்டியதில்லை. ஃபெயில்2பான் போடலாமே என்பீர்கள். பாஸ்வேர்டைத் தவறாக அடிக்கும் முகவரியை அது தடை செய்யும். ஆனால் மேலே சொன்னேனே, மொபைல் ஆபரேட்டர் ஒரே வெளி முகவரியை எத்தனையோ பேருக்குப் பகிர்கிறது. ஒருத்தர் மூன்று தடவை தவறினால் அதே சிம் வைத்திருக்கும் பாதி வகுப்பு வெளியே நிற்கும். கீ இருக்கும்போது அது தேவையும் இல்லை.

கமாண்டுகளை வேர்டில் அடித்து அனுப்பாதீர்கள். வேர்ட் நேர் மேற்கோளை வளைத்துவிடும், இரட்டைக் கோட்டை ஒரே நீளக் கோடாக்கிவிடும். மாணவர் காப்பி பண்ணிப் போட்டதும் எரர், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக சர்வரிலேயே வைத்துவிடுவது நல்லது.

பஸ்ஸில் போய்க்கொண்டே லேப் செய்பவர்களும் உண்டு. டவர் மாறினால் எஸ்எஸ்எச் அறுந்துவிடும். சர்வரிலேயே செஷனை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் வேலை செய்தால் அறுந்தாலும் உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும், திரும்ப வந்து தொடரலாம். எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக வரும் மாஷ் இன்னும் நல்லது. அது யுடிபியில் (தொடர்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் முறை) ஓடுகிறது, ஐபி முகவரி மாறினாலும் தொடர்பு விடுவதில்லை. கீத் வின்ஸ்டைனும், நம் ஐஐடி மெட்ராஸில் படித்துவிட்டு எம்ஐடியில் பேராசிரியரான ஹரி பாலகிருஷ்ணனும் 2012-ல் கொடுத்தது. டிசிபி தொடர்பு ஏன் முகவரி மாறினால் செத்துப்போகிறது என்று கேட்டு வையுங்கள், அடுத்த வாரத்துக்கு அசைன்மென்ட் தயார்.

டிமக்ஸில் எனக்குப் பிடித்தது வேறு. மாணவரின் செஷனில் நானும் நுழைந்துகொள்ளலாம். அவர் அடிப்பது எழுத்து எழுத்தாக எனக்குத் தெரியும். வீடியோ வேண்டாம், ஸ்கிரீன் ஷேர் வேண்டாம். ஃபோனில் பேசிக்கொண்டே வைவா நடத்திவிடலாம். அடித்து அழித்து யோசிப்பதைப் பார்க்கும்போதே தெரிந்துவிடும், பக்கத்தில் யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா, இல்லை சொந்தமாகத் தடுமாறுகிறார்களா என்று. சொந்தத் தடுமாற்றத்துக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை.

எம்டியு (ஒரு கேபிளில் போகக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு) பயிற்சியைக் கொஞ்சம் தேறியவர்களுக்குத்தான் கொடுக்கிறேன். நடுவில் இரண்டு ரவுட்டர், அவற்றுக்கு இடையிலான கேபிளின் எம்டியு 1400, "துண்டாக்க வேண்டும்" என்று ரவுட்டர் திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை ஃபயர்வால் விழுங்கிவிடும். பிங் போகும். லாகின் ஆகும். ஒரு பெரிய ஃபைலை அனுப்பினால் அப்படியே உறைந்து நிற்கும். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றி எதுவும் வேலை செய்யாத நிலை. பிங்கின் அளவைக் கூட்டிக்கொண்டே போய், துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு அனுப்பினால் 1372 போகும், 1373 போகாது. 28 ஹெடர், கூட்டினால் 1400. வீட்டில் ஃபைபர் இருப்பவர்கள் இதையே நிஜ இணையத்திலும் செய்து பார்க்கலாம். இணைப்பு பிபிபிஓஇ (லாகின் கேட்டு இணைக்கும் முறை) வழியாக வந்தால் 1472-க்குப் பதில் 1464-லேயே நின்றுவிடும், அந்த எட்டு பைட் பிபிபிஓஇ-யின் கூலி.

கன்ஜெஷன் கன்ட்ரோலுக்கு என்எஸ் ஸ்கிரிப்ட் ஓட்டி கிராஃப் வரைவது பாடத்திட்டத்தில் இருக்கிறது, அதையும் செய்கிறோம். ஆனால் அதற்கு முன் லினக்ஸின் டிசி கமாண்டில் அதே குட்டி நெட்வொர்க்கில் 100 மில்லி செகண்ட் தாமதமும் ஒரு சதவீதம் இழப்பும் போட்டு, வேகம் அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டச் சொல்வேன். வேகம் எப்படிச் சரிகிறது என்று பார்த்த பிறகு, 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே விநாடிக்கு 32 ஆயிரம் பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக விழுந்த கதையைச் சொன்னால் கேட்பார்கள். இடைவெளி நானூறு கஜம். வான் ஜேக்கப்சன் அதை ஆராயப் போய்த்தான் இன்று பாடத்தில் இருக்கும் ஸ்லோ ஸ்டார்ட் (குறைவாக அனுப்ப ஆரம்பித்து வேகத்தைக் கூட்டுவது) எல்லாம் டிசிபிக்குள் வந்தது.

ரெக்கார்ட் விஷயத்தில் எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை. எக்ஸ்டர்னலாக (வெளித் தேர்வாளராக) வருபவர் எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட் என்ற ஐந்து தலைப்பையும்தான் தேடுவார். அவற்றைக் கொடுத்துவிடுகிறோம். ரிசல்ட்டில் அந்தப் பழைய வாக்கியத்துக்குப் பதில் கண்டுபிடித்த இரண்டு கோளாறுகளையும் எழுத வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. ஒரு எக்ஸ்டர்னல் அதைப் படித்துவிட்டு, "ஏம்மா, எல்லா ரெக்கார்டிலும் ரிசல்ட் வேற வேறயா இருக்கே?" என்று சந்தேகமாகக் கேட்டார். வேறு வேறாகத்தான் சார் இருக்கும் என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இந்த செமஸ்டர் புதிதாகச் சேர்ப்பது ஐபிவி6. தியரியில் முகவரி அமைப்போடு முடிந்துவிடுகிறது, லேபில் இல்லவே இல்லை. பிள்ளைகளின் ஃபோன்களோ ஏற்கெனவே அதில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதே மூன்று நேம்ஸ்பேஸில் ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட் (நெட்வொர்க்கின் முகவரி வரிசையை ரவுட்டரே அறிவிப்பது) வைத்து முகவரி தானாக வரும்படி செய்யப் போகிறேன். கெடுப்பதற்கு அதில் என்னென்ன இடம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்திருக்கிறேன். பரம ரகசியம், ஏனென்றால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். ஸ்கிரிப்டுகள் வேண்டும் என்கிற ஆசிரியர்கள் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.